கற்பிக்கக் கற்க வேண்டியதில்லையா?

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி அளிப்பது வீண் வேலை என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். நல்லாசிரியர் பிறக்கிறார், அவரை உருவாக்க முடியாது. பாடத்தில் ஆழம் இருந்தால் கற்பித்தல் தானாக வரும். ஆய்வாளரின் நேரம் ஆய்வுக்கே போதவில்லை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் பணியேற்ற பின் நடக்கும் பயிற்சிகளிலும் வேண்டிய அளவு கற்பித்தல் இருக்கிறது. வகுப்பறையின் உண்மையான நோய் மாணவர்களின் தரத்தில்தான் இருக்கிறது. அவருடைய வாதத்தின் சாரம் இவ்வளவே. அவர் பெயர் இங்கே தேவையில்லை. துறைத்தலைவர்களின் அறைகளிலும், பாடத்திட்டக் குழுக் கூட்டங்களிலும், வாய்மொழித் தேர்வு முடிந்து சாப்பிட உட்காரும் மேசைகளிலும் இதே பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். இப்போது அது அச்சேறியிருப்பதால் அச்சிலேயே மறுக்க வேண்டியிருக்கிறது. அவர் அடுக்கியிருக்கும் காரணங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எதுவும் நிற்காது. அந்த ஒன்றுக்கும் அவர் காட்டும் முடிவு தவறானது.

அவர் எதிர்க்கும் விதி எது என்பதை வாசகர்கள் முதலில் அறிய வேண்டும். 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், எந்தத் துறை ஆய்வாளரானாலும் ஆய்வுக் காலத்தில் தன் பாடம் சார்ந்து கற்பித்தலிலோ கல்வியியலிலோ எழுத்திலோ பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. பயிற்சி வகுப்பு, ஆய்வக வகுப்பு, மதிப்பீடு ஆகிய பணிகளில் வாரம் 4 முதல் 6 மணி நேரம் அவரை ஈடுபடுத்தலாம் என்றும் சொல்கின்றன. இதற்கு முன்னோடி 2020 தேசியக் கல்விக் கொள்கை. அந்தக் கொள்கையின் பல பகுதிகளை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆனால் கல்லூரி ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்ற யோசனை அதில் பிறந்ததல்ல. புதிதாகச் சேரும் விரிவுரையாளர்களுக்கு ஆயத்தப் பயிற்சி வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-இலேயே சொல்லிவிட்டது. தேசியக் கல்விக் கொள்கையின் மீதுள்ள நியாயமான வெறுப்பைத் தன் வாதத்துக்குத் துணையாக இழுத்துக்கொள்ளக் கட்டுரையாளருக்கு உரிமை இல்லை.

இனி அவர் தொடவே துணியாத ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்க முதுகலைப் பட்டம் மட்டும் போதாது, பி.எட். வேண்டும். 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் பாடக்குறிப்பு எழுதி, பள்ளிக்குச் சென்று, இன்னொருவர் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்க வகுப்பு எடுத்தாக வேண்டும். அந்தப் படிப்பில் ஆயிரம் குறை இருக்கலாம். இருந்தும், முன்பின் பழகாதவரைப் பிள்ளைகள் முன் நிறுத்தக் கூடாது என்ற குறைந்தபட்ச நேர்மை அதில் இருக்கிறது. மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு எழுதிய மாணவி ஜூன், ஜூலையில் கல்லூரிக்கு வருகிறாள். அதே மாணவி, அதே வேதியியல். இப்போது அவள் முன் நிற்பவர் வாழ்க்கையில் ஒரு மணி நேரம்கூடக் கற்பித்தல் பயிற்சி பெறாதவராக இருக்கலாம்; அதற்குத் தடை ஏதும் இல்லை. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட ஒரு கோடை விடுமுறையில் கற்பித்தல் என்பது தேவையற்ற திறமையாக மாறிவிட்டதா? பயிற்சி வேண்டாம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் பேசக் கூடாது.

பிறவி ஆசிரியர் என்ற கதைக்கு வருகிறேன். கட்டுரையாளர் உ.வே.சாமிநாதையரைச் சாட்சிக்கு அழைக்கிறார். ஐயர் எந்தப் பயிற்சிக்குப் போனார் என்று கேட்கிறார். போனார். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தவர், 1876-இல் பிள்ளை மறையும்வரை அவர் பாடம் சொல்லும் விதத்தை அருகிலிருந்து பார்த்தார். பிறகு திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்து மற்றவர்களுக்குப் பாடம் சொன்னார். தியாகராச செட்டியாரின் இடத்துக்குக் கும்பகோணம் கல்லூரியில் அவர் போய்ச் சேர்ந்தது 1880-இல். கல்லூரி வகுப்பறைக்குள் நுழையும் முன்பே பாடம் சொல்லிப் பழகியவர் அவர். அதுவும் தவறினால் திருத்தக்கூடிய பெரியவர்கள் சூழ்ந்திருந்த இடத்தில். இன்றைய ஆய்வாளருக்கு நாம் கேட்பது அதே வாய்ப்பைத்தான். தன் வாதத்துக்கு நேர் எதிரான வாழ்க்கையைத் தன் வாதத்துக்கே சான்றாகக் காட்டுவதற்கு முன், அந்த வாழ்க்கையை ஒருமுறையாவது அவர் படித்துப் பார்த்திருக்கலாம்.

அடுத்து அவர் அழைக்கும் சாட்சி இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன். கால்டெக்கில் 1961 முதல் 1963 வரை இளநிலை மாணவர்களுக்கு அவர் ஆற்றிய இயற்பியல் விரிவுரைகள் புத்தகமாகி உலகமே படிக்கிறது. அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் ஃபைன்மன் என்ன எழுதியிருக்கிறார்? மாணவர்கள் தேர்வில் கேள்விகளைக் கையாண்ட விதத்தைப் பார்த்தபோது, அவர்களைப் பொறுத்தவரை தன் முயற்சி வெற்றி பெற்றதாகத் தனக்குத் தோன்றவில்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார். மேதையின் விரிவுரை வேறு, மாணவரின் கற்றல் வேறு என்பதை அந்த மேதையே பார்த்துவிட்டார். அவர் பெயரைச் சொல்லி வாதாடுபவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

நாம் நினைவில் வைத்திருக்கும் நல்லாசிரியர்கள் சிலர். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஒவ்வொருவருக்கும் பத்துப் பதினைந்து ஆசிரியர்களாவது வந்திருப்பார்கள். மீதிப் பேர் எங்கே? பழுத்த நோட்ஸைப் பார்த்து வாசித்தவர், கரும்பலகையை நோக்கியே பேசி முதுகை மட்டும் காட்டியவர், கேள்வி கேட்டால் சிடுசிடுத்தவர். பிறவி ஆசிரியர் என்ற சொல் இவர்கள் அனைவரையும் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. வரம் பெற்றவர் வரட்டும், மற்றவர்களிடம் சிக்கும் மாணவர்கள் எப்படியோ போகட்டும் என்பதுதான் அதன் உட்பொருள்.

பாடத்தில் ஆழம் இருந்தால் போதும் என்கிறார். ஆழம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆழமே கற்பித்தலாகிவிடும் என்பதுதான் பொய். ஜான் ஹாட்டியும் ஹெர்பர்ட் மார்ஷும் 1996-இல் 58 ஆய்வுகளைத் தொகுத்து, பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஆய்வுத் திறனுக்கும் கற்பித்தல் திறனுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டார்கள். கிடைத்த ஒட்டுறவு எண் 0.06. ஏறக்குறைய தொடர்பே இல்லை என்பது அதன் பொருள். நல்ல ஆய்வாளர் நல்ல ஆசிரியராகவும் இருக்கலாம், மோசமான ஆசிரியராகவும் இருக்கலாம். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்க வழியில்லை.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூருக்கு நேர்ந்ததைச் சொன்னால் விஷயம் இன்னும் தெளிவாகும். அவர் வகுப்பை மாணவர்கள் பாராட்டினார்கள், கடினமான கணக்குகளைப் போட்டார்கள். 1990 வாக்கில், இயக்கவியலில் அடிப்படைப் புரிதலைச் சோதிக்கும் எளிய கேள்வித்தாள் ஒன்றை அவர் வகுப்பில் கொடுத்துப் பார்த்தார். கனமான லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற, கணக்கே தேவைப்படாத கேள்விகள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாள். முடிவைப் பார்த்தபோது, நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய மாணவர்கள், லாரிதான் அதிக விசை செலுத்தும் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. அவருக்குப் பாட அறிவில் குறை இல்லை. மாணவரின் மனத்தில் எது இருக்கிறது, அதை எந்தக் கேள்வி வெளியே கொண்டுவரும் என்ற அறிவுதான் குறைந்திருந்தது. அதைத் தேடிக் கற்றுக்கொண்டார். கற்பிக்கும் முறையையே மாற்றினார். ஹார்வர்ட் பேராசிரியர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததை நம் ஊர் ஆய்வாளர் பிறவியிலேயே பெற்றுவிடுவாரா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை இன்னும் நேரடியானது. முதலாண்டு இயற்பியலில் ஒவ்வொன்றிலும் 260-க்கும் அதிகமான மாணவர்கள் கொண்ட இரண்டு பிரிவுகள். ஒரு வாரத்துக்கு மட்டும், ஒரு பிரிவில் மாணவர்களிடம் நல்ல மதிப்பீடு பெற்ற அனுபவமிக்க பேராசிரியர் வழக்கம்போல விரிவுரை ஆற்றினார். மற்றொன்றில் முனைவர் பட்டம் முடித்திருந்த ஓர் இளம் ஆய்வாளரும் ஓர் ஆய்வு மாணவியும் வகுப்பு நடத்தினார்கள். அவர்களுக்கு அனுபவம் குறைவு. ஆனால் எப்படிக் கற்பிப்பது என்பதில் முறையான பயிற்சி இருந்தது. இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு. பேராசிரியரின் பிரிவு சராசரியாக 41 சதவீதம், இளையவர்களின் பிரிவு 74 சதவீதம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் பங்கேற்ற இந்த ஆய்வு 2011-இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஒரு வாரச் சோதனையை மட்டும் வைத்து உலகை அளக்க முடியாது என்று சொல்லலாம், அது நியாயம்தான். ஆனால் 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் அவர் குழுவினரும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் காற்று அதே திசையில்தான் அடித்தது: வெறும் விரிவுரை கேட்ட மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, வகுப்பில் தாங்களே ஈடுபட்டுக் கற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு. நம் ஊர் மொழியில் சொன்னால், ஆசிரியர் கற்றுக்கொள்ளாததற்கு மாணவர் அரியர் வைக்கிறார்.

இனி நேரம். ஆய்வாளரின் பொன்னான நேரத்தைப் பயிற்சி விழுங்கிவிடும் என்று கட்டுரையாளர் கவலைப்படுகிறார். இந்தக் கவலையை என்னால் மதிக்க முடியவில்லை. அவர் துறையிலும் என் துறையிலும் முழுநேர ஆய்வாளர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். கைடு ஊரில் இல்லாத நாளில் அவருடைய வகுப்புக்குப் போகிறார்கள். அகமதிப்பீட்டுத் தேர்வில் மேற்பார்வைக்கு நிற்கிறார்கள், விடைத்தாள் கட்டுகளைத் திருத்துகிறார்கள், மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுகிறார்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வருகிறதென்றால் மாதக்கணக்கில் கோப்பு அடுக்குகிறார்கள். இரவு போன் வரும்: நாளை காலை செகண்ட் இயர் கிளாஸை நீயே பார்த்துக்கொள். எந்தப் பாடம், எதுவரை நடந்திருக்கிறது, மாணவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று ஒரு சொல் சொல்லப்படாது. அந்தப் பெண் பாடநூலை இரவெல்லாம் படித்து, காலையில் நடுங்கிக்கொண்டே போய் அதையே ஒப்பித்துவிட்டு வருவாள். எப்படி நடந்தது என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். ஆய்வாளரின் நேரம் ஏற்கெனவே பறிபோய்க்கொண்டிருக்கிறது. பறித்த நேரத்துக்கு ஈடாக அவருக்கு எதையும் கற்றுத்தராமல் இருக்கிறோம் என்பதே உண்மை.

கற்பித்தல் ஆய்வைக் கெடுக்கும் என்ற முன்முடிவுக்கும் ஆதாரம் இல்லை. டேவிட் ஃபெல்டன் குழுவினர் அமெரிக்காவில் 95 அறிவியல் ஆய்வு மாணவர்களின் ஆய்வு முன்வரைவுகளை ஒரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மதிப்பிட்டார்கள். ஆய்வு மட்டுமே செய்தவர்களைவிட, ஆய்வோடு வகுப்பும் எடுத்தவர்கள் சோதிக்கத்தக்க கருதுகோளை அமைப்பதிலும் சோதனையை வடிவமைப்பதிலும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். 2011-இல் வெளிவந்தது இது. இதில் வியப்பில்லை. ஒன்றும் தெரியாத ஒருவருக்கு விளக்க முயலும்போதுதான் நம் சொந்த அறிவின் ஓட்டைகள் நமக்குத் தெரிகின்றன.

நெட் தேர்வில் கற்பித்தல் இருக்கிறதாம். பாடத்திட்டத்தைத் திறந்து பார்ப்போம். முதல் தாளில் 10 அலகுகள், 50 கேள்விகள். கற்பித்தல் திறன் அவற்றில் ஓர் அலகு. ஆக, அதற்கு உரிய பங்கு 5 கேள்விகள், 10 மதிப்பெண். இரண்டு தாளும் சேர்த்து 300 மதிப்பெண்ணில் 10. அதுவும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சாலைக் குறியீடுகளை அடையாளம் காட்டியதற்காக ஒருவரிடம் பேருந்தின் சாவியைக் கொடுத்து அறுபது பேரை ஏற்றி அனுப்புவோமா? இது போதாதென்று, 2018-இல் யுஜிசி வெளியிட்ட நியமன விதிகள் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு நெட்டிலிருந்தே விலக்கு அளித்தன. நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ, அந்த முனைவர் பட்டதாரிகள் அந்த ஐந்து கேள்விகளைக்கூடச் சந்திக்காமல் வகுப்பறைக்குப் போக முடிந்தது. கட்டுரையாளருக்கு இந்த விதி தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் சொல்லாமல் விட்டது கருத்து நேர்மை அல்ல.

பணியேற்ற பின் பயிற்சி கிடைக்கிறதே என்பதும் அதே வகை. 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கல்லூரி ஆசிரியர் பயிற்சிக்கென்று மையங்கள் வந்தன. பெயர் மாறி இன்று மாளவியா பெயரில் இயங்குகின்றன. அங்கே நல்ல வகுப்புகளும் நடக்கின்றன. ஆனால் அங்கே போய்ச் சேர்பவர் யார்? நிரந்தரப் பணியில் இருப்பவர், அதுவும் பெரும்பாலும் பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காக. தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளைத் தாங்கி நிற்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும், சுயநிதிக் கல்லூரிகளில் குறைந்த சம்பளத்துக்கு மாரடிப்பவர்களுக்கும் அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. முனைவர் பட்டம் முடித்த ஒருவர் நிரந்தரப் பணியை எட்டப் பத்தாண்டுகள் ஆகலாம், எட்டாமலே போகலாம். அதுவரை அவரிடம் படித்துவிட்டுப் போன மாணவர்களுக்கு எந்தப் பயிற்சி மையம் பொறுப்பேற்கும்? ஆய்வுக் காலம் ஒன்றுதான் முனைவர் பட்டதாரிகள் எல்லோரும் கடந்தாக வேண்டிய பொதுவாசல். பயிற்சி அங்கேதான் இருக்க வேண்டும்.

என்னை இந்த மறுப்பை எழுத வைத்தது அவருடைய கடைசி வாதம். மாணவர்களின் தரம் கெட்டுவிட்டது, அவர்களுக்கு எந்தப் பயிற்சி பெற்றவர் கற்பித்தும் பயன் இல்லை என்கிறார். யாரைச் சொல்கிறார்? 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்வி வயதினரில் 47 சதவீதத்தினருக்கு இணையானோர் உயர்கல்வியில் இருக்கிறார்கள். இந்திய அளவு 28.4. இந்த எண்ணுக்குப் பின்னால் நூறாண்டுப் போராட்டம் இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது, மதிய உணவு இருக்கிறது, கிராமத்துக் கிராமம் போன அரசுப் பேருந்து இருக்கிறது. கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவள், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் உட்காருகிறாள். முதல் மாதம் அவள் வாய் திறப்பதில்லை. அவளுக்குப் பாடம் புரியாததல்ல பிரச்சினை. பாடம் அவளை நோக்கிப் பேசப்படவே இல்லை. இந்த மௌனத்தை மந்தம் என்று படிப்பது பயிற்சியற்ற கண்.

படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு மோசமான ஆசிரியர் வாய்த்தால் அது பேரிழப்பு ஆகாது. அவனுக்கு ட்யூஷன் உண்டு, வீட்டில் விளக்க ஆள் உண்டு, ஆங்கிலத்தில் தேடிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அந்தப் பெண்ணுக்கு வகுப்பறையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே நல்ல கற்பித்தல் அதிகம் தேவைப்படுவது அவளுக்குத்தான். தரமில்லை என்று கைகழுவும் பேராசிரியர், தான் எந்தக் கதவை யார் முகத்தில் சாத்துகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லூரியில் சிலர் மட்டுமே படித்த காலத்தில் ஆசிரியர் வாசித்தால் போதுமாக இருந்தது, ஏனென்றால் மீதி வேலையை மாணவரின் வீடு செய்தது. அந்த வீட்டு வேலையைத் தன் கற்பித்தலின் வெற்றி என்று நம்பிய தலைமுறை, இன்று அந்த வீடு இல்லாத மாணவரைப் பார்த்துத் தரம் குறைந்துவிட்டது என்கிறது.

அவர் கட்டுரையில் நிற்கும் ஒரே வாதம், போகிற போக்கில் அவர் சொன்னது: பயிற்சி என்ற பெயரில் ஆய்வாளர்களைக் கூலியில்லா ஆசிரியர்களாக்கி, காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இழுத்தடிப்பார்கள். இந்த அச்சம் உண்மையானது. நிர்வாகங்கள் அப்படிச் செய்யக்கூடியவை, செய்தும் வருகின்றன. ஆனால் அதற்குப் பரிகாரம் பயிற்சியை ஒழிப்பதல்ல, எல்லை வகுப்பது. வாரத்துக்கு 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். உதவித்தொகை இல்லாத ஆய்வாளருக்கு அந்த மணி நேரத்துக்கு ஊதியம் தர வேண்டும். தனித்து ஒரு தாளையே அவர் தலையில் கட்டக் கூடாது. கற்பித்தலுக்குப் பதிலாக எழுத்துப் பயிற்சியை மட்டும் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள 2022 விதி இடம் தருகிறது. அந்த ஓட்டையை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதியில் அடைக்க வேண்டும்.

பயிற்சி என்றதும் இன்னொரு தாள், வரையறைகளை மனப்பாடம் செய்து எழுதும் இன்னொரு தேர்வு என்று ஆகிவிட்டால் நானே முதலில் எதிர்ப்பேன். தேவை எளிமையானது. முதல் பருவத்தில் வெவ்வேறு ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து, ஆசிரியரை அல்லாமல் மாணவர்களைக் கவனிக்கட்டும். அடுத்து, இருபது பேர் கொண்ட சிறு குழுவுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கட்டும். நெறியாளர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, அன்றே பேசட்டும். ஒரே விடைத்தாள் கட்டை இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே திருத்தி ஒப்பிடட்டும். மதிப்பெண் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்க்கும் அதிர்ச்சியே பெரிய பாடம். ஒரு கேள்வித்தாள் தயாரித்து, மாணவர்கள் எழுதிய விடைகளிலிருந்து தங்கள் கேள்வியின் குறையைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும். தமிழ்வழியில் வந்த மாணவருக்கு ஆங்கிலக் கலைச்சொல்லை எப்படி அறிமுகப்படுத்துவது என்று தங்கள் பாடத்தில் சொந்தமாக எழுதிப் பார்க்கட்டும். இதற்குக் கட்டடம் வேண்டாம், கோடிகள் வேண்டாம். நெறியாளர்கள் தங்கள் நேரத்தைத் தர வேண்டும். பயிற்சி வேண்டாம் என்ற குரல் இவ்வளவு உரக்க ஒலிப்பதற்கு அதுவே காரணம் என்பது என் முடிவு.

பல்கலைக்கழகங்களின் கல்விக்குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். வாய்மொழித் தேர்வுக்கு முன் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும், கருத்துத் திருட்டுச் சோதனைச் சான்றிதழ் வேண்டும் என்றெல்லாம் விதி செய்யத் தெரிந்த உங்களுக்கு, ஆய்வாளர் எடுத்த நான்கு வகுப்புகளை நெறியாளரும் இன்னோர் ஆசிரியரும் நேரில் பார்த்து எழுதிய அறிக்கை வேண்டும் என்று விதி செய்வது கடினமல்ல. அடுத்த கூட்டத்திலேயே செய்யுங்கள்.